குளத்தில் நான் விட்ட செடி

எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விட்டவள் நான்தான். இசக்கிமுத்து அல்ல. அவன் வாங்கிவந்த மீன்குஞ்சுகளோடு அது வரவும் இல்லை. ஒரு விடியற்காலையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் கையால் நானே போட்டேன்.

எழுதிவிட்டேன்... இனி யார் வந்து என்னை என்ன செய்யப் போகிறார்கள்? ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இந்தத் தாளை மறைக்கத்தான் கை போகிறது.

அப்போது தூத்துக்குடியில் புதிய துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கு அங்கே எழுத்தர் வேலை. நான் நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். மணமாகி முத்தையாபுரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்கு வந்து, அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும்தான்.

அந்தச் செடியை முதன்முதலில் பாளையங்கோட்டையில் ஒரு தோழியின் வீட்டில் கண்டேன். சிமெண்டுத் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. இளம் ஊதாப் பூ. மேல் இதழில் மயிலிறகின் கண்ணைப்போல ஒரு மஞ்சள் பொட்டு. எவ்வளவு அழகு! ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். எங்கள் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டேன். ஒன்று பத்தாயிற்று. தொட்டி நிறைந்தது. கொசுவும் நிறைந்தது.

"ஏளா, இந்தச் சனியனால ராத்திரி கண்ண மூட முடியல. நாளைக்கே குப்பைக்குழியில கொண்டு போட்டுரு" என்றார் மாமியார்.

மறுநாள் கூடையில் அள்ளினேன். ஒரு செடியில் அன்றுதான் மொட்டு வெடித்திருந்தது. அதைக் குழியில் கொட்ட மனம் வரவில்லை. குளத்துக்கு நடந்தேன்...

இரக்கம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமா அது? நான் ஆசைப்பட்டு வளர்த்தது அழியக்கூடாது என்ற பிடிவாதம், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்குக் கரையோரம் ஒரு பச்சைத் திட்டுத் தெரிந்தது. அதற்கடுத்த மழைக்குத் தண்ணீரே தெரியவில்லை. மடைவாயை வேர்கள் அடைத்துக்கொண்டன. கீழே வாழைத் தோட்டங்கள் காய்ந்தன. பசும்புல் என்று நினைத்துக் கால்வைத்த ஒரு பசுமாடு உள்ளே அமிழ்ந்து மீளவே இல்லை. அதைக் கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்டபோது நான் பள்ளிக்கூடச் சன்னலைச் சாத்திவிட்டேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சொன்னேன். பயந்தது நான்!

அந்தக் குளத்தில் மீன் பிடிக்கும் குத்தகையை எடுத்திருந்தவன் இசக்கிமுத்து. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து மனைவி பேச்சியோடு வந்து, கரையில் குடிசை போட்டிருந்தான். நான் செடியைப் போட்ட அதே ஆண்டில்தான் அவனும் தகர டின்களில் மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டிருந்தான். ஊருக்கு அது போதாதா?

பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. பெரியவர் தங்கையா அண்ணாச்சி விசாரித்தார்.

"ஏலே இசக்கி, நீ வாரதுக்கு முன்னால இந்தக் கொளத்துல இது உண்டாலே?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா நான் கொண்டாந்தது குஞ்சு மட்டுந்தான். சத்தியமாச் சொல்லுதேன். டின்னுல ஒரு தூசுகூடக் கெடையாது."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க படிச்சவுக. குஞ்சு கொண்டாந்த தண்ணியோட இது வருமா, வராதா? நீங்க சொல்லுங்க."

பெண்கள் கூட்டத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் என்மேல் இருந்தன. இசக்கிமுத்து என்னைத்தான் பார்த்தான், கை கட்டி, நம்பிக்கையோடு... டீச்சர் உண்மையைச் சொல்வாள் என்று!

"வரலாம்" என்றேன்.

ஒரே சொல். பாடப்புத்தகத்தின்படி அதில் தவறு ஏதும் இல்லை. வரத்தான் செய்யும். அதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருப்பேன், தெரியுமா உங்களுக்கு? வரத்தான் செய்யும், வரத்தான் செய்யும்... ஆனால் வரவில்லையே! அது எனக்குத் தெரியுமே!

குளத்தைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் அவன் இனி வலை வீச வேண்டும் என்று ஊர் முடிவு சொன்னது.

அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் பின்னால் வந்து நின்றார். "அந்தத் தொட்டிச் செடியக் குப்பைக்குழியிலதான போட்ட?"

"ஆமா மாமி."

அவர் கழுவிவைத்த செம்பை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. தெரிந்திருந்ததா அவருக்கு? தெரிந்தேதான் மௌனமாக இருந்தாரா?

இசக்கிமுத்தும் பேச்சியும் தண்ணீரில் இறங்கினார்கள். மெத்தைபோல் பின்னிக் கிடந்ததைத் துண்டு துண்டாக அரிவாளால் அறுத்து, கயிற்றால் வளைத்துக் கரைக்கு இழுத்தார்கள். ஒவ்வொரு செடியின் அடியிலும் கருத்த தாடிபோல் வேர். அதில் ஊறிய தண்ணீரின் கனம். மார்பளவு சேற்றில் நின்று தூக்கிப் போட்டால், அவர்கள் நின்ற இடத்தையே இன்னொரு பச்சைத் திட்டு வந்து மூடிக்கொள்ளும். தண்ணீர்ப் பாம்பு, அட்டை, அழுகல் நாற்றம். சில நாள் ஊர் ஆண்கள் கரையில் நின்று இழுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பள்ளி விட்டதும் நான் கரைக்குப் போய், உதிர்ந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்குவேன். நல்ல டீச்சர் என்று ஊர் சொன்னது! ஒருநாள் அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேன்.

"சின்னத் துண்டக்கூட விட்டுராத இசக்கி. ஒண்ணு மிஞ்சுனாலும் ஒரு மாசத்துல தொட்டி நெறஞ்சிரும்."

அவன் நிமிர்ந்தான். "எந்தத் தொட்டி டீச்சர்?"

"கொளம்னு சொல்ல வந்தேன்... புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. யோசிப்பானோ? பேச்சியிடம் சொல்வானோ? எங்கள் கொல்லையை வந்து பார்ப்பானோ? விடிந்ததும் அந்தச் சிமெண்டுத் தொட்டியில் மண்ணை நிரப்பிக் கனகாம்பரம் நட்டேன்.

உடம்பெல்லாம் அரிப்பு தாங்காமல் பேச்சி எங்கள் வீட்டுக்கு வருவாள். தேங்காய் எண்ணெய் கொடுப்பேன். புண்ணாகிப்போன கைகளால் வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் டீச்சரம்மா" என்பாள். அந்த வாழ்த்தையும் வாங்கி வைத்துக்கொண்டவள் நான்...

கோடையில் குளம் தெளிந்தது. வானம் தெரிகிற தண்ணீரைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது. ஆனால் காற்றில்லாமல் மீன்கள் எப்போதோ செத்திருந்தன. இசக்கிமுத்துக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். குத்தகையை விட்டுவிட்டு இருவரும் உப்பளத்து வேலைக்குப் போனார்கள். போகிற அன்று அண்ணாச்சி அவன் தோளில் தட்டி, "போனது போட்டும்லே, ஊரு ஒன்ன மன்னிச்சிட்டு" என்றார்.

மன்னித்துவிட்டதாம்! நான் அங்கேயே நின்றிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தில் பேச்சியைப் பார்த்தேன். உப்பில் வெடித்த பாதங்கள். அவளே அடையாளம் கண்டு ஓடிவந்தாள். இசக்கி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"போய்ச் சேந்துட்டாக டீச்சரம்மா. போன ஐப்பசியில."

அவளே தொடர்ந்தாள்.

"மொதல்ல நான் கொண்டாரல, நான் கொண்டாரலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. பொறவு அவுகளே நம்பிட்டாக. டீச்சர் சொல்லுதாகன்னா பொய்யா இருக்காது பேச்சி, டின்னுல என்னமோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, நான்தான் பாக்காம விட்டுட்டேன்னு. காச்சல்லயும் அதே பொலம்பல். ஒரு ஊருத் தண்ணியக் கெடுத்துட்டேனேன்னு..."

"பேச்சி..." என்றேன்.

"என்ன டீச்சரம்மா?"

அவள் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. ஒரே வாக்கியம்தான். நான் போட்டேன் பேச்சி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளுடைய பஸ் இன்னும் வரவில்லை. நேரம் இருந்தது. இல்லை என்று உங்களிடம் நான் பொய் சொல்லமாட்டேன்.

"ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

"நீங்க வெயில்ல நிக்காதிய. வீட்டுக்குப் போங்க" என்றாள் அவள்.

பேச்சி இன்னும் அதே உப்பளத்தில்தான் இருக்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம். போகவேண்டும் என்று புறப்பட்டிருக்கிறேன். பாதியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைத் திட்டலாம், இரங்கலாம். அதனால் எனக்கு என்ன? இதைக் கேட்க வேண்டியவள் நீங்கள் இல்லையே!