என் காருக்குப் பூட்டிய குதிரைகள்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கலுக்கு முந்தைய வாரம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சந்து. சந்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உடைந்த கட்டில், அழுகிய வாழையிலை, அவசரத்துக்கு ஒதுங்கும் ஆண்கள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டிய இடம். அதில் பாதியை என் கார் பிடித்திருந்தது. மயிலாப்பூரில் காருக்கு இடம் கிடைப்பது லேசா? விடுவேனா நான்!

எங்கள் பகுதிக் கலைவிழாவுக்காக அக்கம்பக்கத்துக்காரர்கள் குப்பையை அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, கோலப்போட்டிக்குத் தரையில் கட்டங்கள் போட்டார்கள். "ஒருநாள் மட்டும் காரை எடுத்துடுங்க ஆன்ட்டி" என்று கெஞ்சினார்கள். ஒருநாள் எடுத்தால் இடம் போய்விடும் என்று எனக்குப் பயம். முடியவே முடியாது என்று கதவைச் சாத்திவிட்டேன்.

போட்டியன்று மாலை வேளச்சேரியில் அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையும் கார் சாவியுமாக இறங்கினால், சந்து முழுக்கப் பெண்கள், கோலங்கள். என் கார் நின்ற கட்டம் குலுக்கலில் தெருமுனைப் பூக்காரிக்கு விழுந்திருக்கிறது. அவள் சண்டை பிடிக்கவில்லை. காரையே தேராக்கிவிட்டாள்! சக்கரங்களைச் சுற்றிக் காவிப் பூக்கள், முன்னால் நாலு வெள்ளைக் குதிரைகள், நீளமாக வடம், அதை இழுக்கும் குட்டிக் குட்டி மனிதர்கள்.

என் கையில் சாவியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. "யக்கா, வண்டிய எடுக்கப் போறியா? ஜட்ஜம்மா அந்தாண்ட வந்துகினு கீறாங்கோ. மொதோ தபா கலந்துக்கினு கீறேன்க்கா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எடுக்கலம்மா, நீ போடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அங்கே தட்டு மாற்றும்போதுகூட என் நினைப்பெல்லாம் சந்திலேயே இருந்தது.

திரும்பி வந்தால், பரிசாக வாங்கிய குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்காகவே காத்திருந்தாள். "செகண்டு பிரைஸுக்கா! பாதி உன் வண்டிக்குத்தான்" என்று என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தாள். நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கோலம் போட்ட தரையில் குப்பை கொட்ட அதற்கப்புறம் யாருக்கும் மனசு வரவில்லை. அந்த வாரமே காரை நானே வேறு இடத்துக்கு மாற்றினேன். அது நின்ற இடத்தில் இப்போது அவளுடைய பூக்கடை. சாயங்காலமானால் பிள்ளைகள் விளையாட்டு, பெண்கள் அரட்டை. பூட்டியே கிடந்த எங்கள் பின்கதவும் திறந்துகிடக்கிறது.

காரை எடுக்க இன்று இரண்டு தெரு நடக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சந்து வழியாகப் போகும்போதெல்லாம், என் பிடிவாதத்துக்கு நாலு குதிரை பூட்டி ஓட்டியே விட்டாளே என்று எனக்குச் சிரிப்பு வருகிறது.