எடித் அக்காவின் ஒன்பது கழுதைகள்

எடித் அக்கா வாளியின் விளிம்பில் செம்பால் மூன்று தட்டுத் தட்டுகிறார். நடுப்பகல். பேசாலைக் கரையில் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. எருக்கலை இலைகூடச் சுருண்டு கிடக்கிறது. குடைபோல் விரிந்த உடைமரங்களின் அடியிலிருந்து கழுதைகள் எழுந்து, கந்தோருக்கு வேலைக்குப் போகிறவர்களைப் போல அவசரமில்லாமல் வருகின்றன.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கருவாடு காயவைத்து விற்கிறார். தலையில் துவாய், அதற்கு மேல் ஆண்கள் போடும் தொப்பி. வெயிலையும் அதட்டுவார்: "காணும், இனிப் போ!" கிணறு அடிமண்ணைத் தொட்ட பிறகும், தான் குளிக்க வைத்த தண்ணீரில் பாதியைக் கழுதைகளின் தொட்டியில் ஊற்றிவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"காகம் களவெடுக்கும், நாய் களவெடுக்கும், என்ர கொழுந்தனும் களவெடுப்பார். என்ர கருவாட்டில வாய் வைக்காத சீவன் இந்தத் தீவில கழுதை மட்டும்தான்."

போன ஆவணியில் நான் கருவாடு வாங்கப் போயிருந்தபோது, ரோட்டில் திரியும் கட்டாக்காலிகளைப் பிடிக்கப் பிரதேச சபை லொறி வந்தது. சொந்தக்காரர் இல்லாத கழுதைகளை ஏற்றி, தீவுக்கு வெளியே பாலத்துக்கு அப்பால் விட்டுவிடுவார்களாம். உத்தியோகத்தர் நிறோஜன் கயிற்றோடு இறங்கினார். அக்கா குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, இதுகள் என்ர."

"ஒன்பதுமோ?"

"ஓம்."

"அப்ப ஒவ்வொண்டாப் பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

அக்கா கொழுந்தனில் தொடங்கி, மச்சாள்மார் பெயரையெல்லாம் மளமளவென்று சொன்னார். ஏழாவதோடு சொந்தம் முடிந்துவிட்டது.

"எட்டாவது?"

"உங்கட பேர் என்ன தம்பி?"

"நிறோஜன்."

"அதுதான் எட்டாவது. ஒன்பதாவது, அந்தா, லொறி ஓட்டுற தம்பியின்ர பேர்."

சாரதி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்; தோள்கள் மட்டும் குலுங்கின. நிறோஜன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கி, கடதாசியை மடித்துக் காற்சட்டையின் பின்பக்கப் பையில் செருகினார்.

"இனி இதுகளை ரோட்டில கண்டால் வழக்கு உங்களிலதான் அக்கா. கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?"

"வரிசையில வாங்கோ. அவை விடியவே வந்து நிக்கினம்."

சொல்லிக்கொண்டே குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். நிறோஜன் அண்ணாந்து குடித்தார். பின்னால் நின்ற கழுதை பையிலிருந்த கடதாசியை மெதுவாக உருவி மென்று தின்னத் தொடங்கியது.

அக்கா அதைப் பார்த்தார். வெறும் செம்பை வாங்கி, மறுபடியும் விளிம்பு வரை நிரப்பி நீட்டினார்.