மில் சுவரில் என் முகம்

முதலில் அந்த மச்சம்தான் கண்ணில் பட்டது. இடது கண்ணுக்குக் கீழே, எனக்கு இருக்கிற அதே இடத்தில்.

இன்று டீ நேரத்தில் மில்லுக்கு வெளியே வந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்த சுவரில் பெரிதாக ஒரு பெண். ரெட்டைச் சடை, யூனிபார்ம் தாவணி, தோளில் புத்தகப் பை. கீழே, ‘பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்போம்’. அதற்கும் கீழே, இன்னும் பெரிய எழுத்தில் எங்கள் முதலாளியின் பெயர்.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கினார். “நேத்து நீ டீ குடிக்கறப்பப் பாத்து வரைஞ்சேன் கண்ணு. எத்தனாவது படிக்கற?”

கேட்டில் நின்ற சூப்பர்வைசர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“அது எங்கீங்க படிக்குது, நம்ம ஸ்பின்னிங்ல நிக்குது. அம்மணி, டீ டைம் முடிஞ்சுது, உள்ள வா. ஆபீசர் வந்து கேட்டா வயசு பதினெட்டுன்னு சொல்லிப்போடு, மறந்துறாத.”

அந்தத் தாவணியை ஒன்பதாம் வகுப்பில்தான் கட்டச் சொல்வார்கள். என்னை வீட்டில் ஏழாவதோடு நிறுத்தி இங்கே சேர்த்துவிட்டார்கள்.

என்னை உள்ளே நிற்க வைத்துவிட்டு, என் முகத்தை வெளியே காட்டி நல்ல பெயர் வாங்குகிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா போவது?

என் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தெடுத்தேன். பெயிண்ட் காயாத அந்தச் சடையின் நுனியில் எட்டி அழுத்தி ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.