வெடியில் தொடங்கும் பாட்டு

காலை பதினொன்று நாற்பதுக்கு மைக்செட் அண்ணாச்சி சாப்பிடப் போனார். எல்லாம் கெட்டது அந்த நேரத்திலிருந்துதான். போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆம்ப்ளிபயர் பெட்டிமேல் வைத்துவிட்டு, "நான் வாரதுக்குள்ள எதையும் தொட்டுறாத தாயி, ஷாக் அடிச்சுரும்" என்று என்னிடம் சொன்னார். நான் தொடவில்லை. கடிகார முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டது என் மாமா.

எங்கள் ஊர் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கரிசல் காடு; அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலை. ஆலை என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், பயர் ஆபீஸ்தான். அம்மா அங்கே வேலை பார்த்தாள். அன்றைக்கு அடுத்த தெருவில் ஒரு காதுகுத்து. தீபாவளிக்கு முந்திய சீசன் என்பதால் ஊரில் பாதிப் பெண்களுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலைக்குப் போனவர்கள் பாட்டையாவது கேட்கட்டும் என்று விசேஷ வீட்டுக்காரர் ஒரு குழாய் ஸ்பீக்கரை மேற்கே பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்து மரியாதை அது. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போயிருந்தார். காதுகுத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள் அப்பாவின் அக்காவான அத்தையும் நானும் மாமாவும்.

மாமா அம்மாவின் தம்பி. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஹெல்பர். எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தார். மலேசியாவுக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போன அவருடைய சிநேகிதன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தான். ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்த மூன்று தமிழ்ப் பையன்கள் பாடியது. பாடியது என்றும் சொல்ல முடியாது. ராகம் கிடையாது, தாளத்தின் மேல் ஏறி நின்று பேசினார்கள். அதற்கு ராப் என்று பெயர் என்பது எங்கள் தெருவில் மாமாவுக்கும், அவர் சொல்லி எனக்கும் மட்டும் தெரியும். அந்தக் கேசட் எந்தக் கடையிலும் கிடைக்காது. யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் பதிவு செய்து, கைக்குக் கை மாறி, பிரதிக்குப் பிரதி எடுத்து, ஏகப்பட்ட இரைச்சலோடு எங்கள் ஊர் வந்து சேர்ந்திருந்தது. அந்த இரைச்சலும் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

"பெரிய கம்பெனி போட்டாத்தான் பாட்டா?" என்பார் மாமா. "இவனுக பேரு இவனுக தெருவுலயே பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனா கேளு. எங்கனயாச்சும் மூச்சு விடுதானான்னு கேளு."

நான் டேப்ரிக்கார்டரில் காதை ஒட்டிவைத்து மூச்சைத் தேடுவேன். கிடைக்காது. மூவரில் ஒருவனை மாமாவுக்கு மிகவும் பிடிக்கும். மற்ற இருவரும் தாளத்தை முந்திக்கொண்டு ஓட, இவன் அரைச் சிட்டிகை பிந்தி வருவான். "எல்லாப் பயலும் முந்தப் பாக்கான். இவன் பிந்தி வந்து ஜெயிக்கான் பாரு" என்று மாமா சொல்லும்போது அவனைத் தானே பெற்று வளர்த்தவர்போல் இருக்கும். பஸ் ஸ்டாப்பில் அவருடைய கூட்டாளிகள், "ஏலே, ஒம் பாட்டுக்காரனுக்கு வயித்தக் கலக்குதா, இம்புட்டு வேகமா ஓடுதான்?" என்று கேலி செய்வார்கள். மாமா கோபப்பட மாட்டார். "நீ நின்னு கேட்டாத் தெரியும்லே" என்பார். யாரும் நின்று கேட்கவில்லை. அம்மாகூட, "ஒரே ஒரு தடவ கேளுக்கா" என்று அவர் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தால், "வேல கெடக்கு, போடா" என்று அனுப்பிவிடுவாள்.

அந்தப் பையன்களின் கேசட்டுக்கு அட்டைப்படமே கிடையாது. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. வெடி லேபிள் அடிக்கிற பெரிய தாளின் ஓரத்தில் வீணாகப் போகிற இடம் கொஞ்சம் இருக்கும். லேபிள் வரைகிற ஓவியரைக் கெஞ்சி, மூன்று முகங்களை வரையச் சொல்லி, அந்த ஓரத்தில் நாலு கலரில் அடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால் மூன்று பேரும் எங்கள் ஊர் ஆட்கள்போலவே இருந்தார்கள். ஒருவன் தோளுக்குப் பின்னால் பக்கத்து லேபிளின் கிளி, பாதி இறக்கையோடு வந்திருந்தது.

அந்தக் கேசட்டில் மாமாவின் உயிர்ப் பாட்டு, இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு. முதலில் ஒரு வெடிச்சத்தம். டமார் என்று இல்லை; வயிற்றுக்குள் இறங்குகிற கனமான சத்தம். பிறகு சைரன், நெடுநேரம். பிறகுதான் குரல்.

"எண்ணிப்பாரு எண்ணிப்பாரு வாசல்ல எத்தனை செருப்பு
போன காலு திரும்பலைன்னா யாருக்கிங்க பொறுப்பு"

செருப்பு, பொறுப்பு என்று சொல்லிச் சொல்லி நான் கயிறு தாண்டுவேன். வேகமாகத் தாண்டுவதற்கு அதைவிடத் தோதான பாட்டு கிடையாது. அந்த இடம் முடிந்ததும் ஓடிவிடுவேன். பின்பாதி மெதுவாகப் போகும், தாண்டுவதற்கு ஆகாது.

அன்றைக்கு அண்ணாச்சி தலை மறைந்ததும் மாமா பந்தலுக்குள் வந்தார். சட்டைப்பையிலிருந்து கேசட்டை எடுத்தார். "இன்னைக்கு நம்ம ஊரு கேக்கப்போகுது பாப்பா. வெடிய வச்சுப் பாடின பாட்டு, வெடிக்காரங்க ஊருல கேக்கலன்னா வேற எவன் கேப்பான்?" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு, சனங்களின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர் தெருமுனைக்கு ஓடினார்.

குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் டேப்ரிக்கார்டரில் கேட்டதுபோல் இல்லை. பந்தல் கால்கள் அதிர்ந்தன.

வேறு ஊராக இருந்தால் அது ஒரு பாட்டின் ஆரம்பம். எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தாண்டி எழுந்தார்கள். காது குத்த உட்கார்த்தியிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய்மாமன் ஓடினார். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கே பார்த்து ஓடினார்கள். அத்தையின் கையில் சாம்பார் வாளி இருந்தது, வாளியோடு ஓடினாள். "மேக்க, மேக்க" என்று யாரோ கத்தினார்கள். புகை இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சைரன் ஊதிக்கொண்டே இருந்தது.

தெருமுனையில் நின்ற மாமாவை நான் பார்த்தேன். மொத்தச் சனமும் வெளியே வருவதைக் கண்டு முதலில் அவர் முகம் விரிந்தது. பாட்டுக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பிறகு அவர்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள். அவர் முகம் மாறியது. பந்தலுக்குத் திரும்பி வந்து நிறுத்தியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. "பாட்டுக்கா, பாட்டும்மா, ஒண்ணும் ஆகல, பாட்டு" என்று கத்திக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினார். அதற்குள் குரல் ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எச்சில் கையோடு ஓடிவந்து நிறுத்தியபோது அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து என் மகளுக்கும் இதே பைத்தியம்தான். விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எங்கெங்கோ சந்துகளில் போனை வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிற பையன்களை, பெண்களை, ஆள் பேர் தெரியாதவர்களைத் தேடித் தேடிக் கேட்கிறாள். "இவங்கள யாருக்குமே தெரியலையேம்மா" என்று அவள் வருத்தப்படும்போது எனக்கு மாமாவின் குரல் கேட்கிறது. ஆனால் போன வாரம் அவள் அறையிலிருந்து ஒரு பாட்டின் சைரன் கேட்டதும், சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடி, "எந்தப் பக்கம்?" என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டேன். மகள் சிரித்தாள். அவள் தனியாக மதுரைக்கு ஒரு ராப் நிகழ்ச்சிக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்று காட்டுப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் ஊரே நின்றது. அதே சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து பெண்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். வேலை அறைக்குள் செருப்புப் போடக்கூடாது என்பதால் எல்லாரும் வெறுங்கால். முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. வந்தவர்களை வீட்டார் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பாட்டு என்று தெரிந்ததும் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அழுதாள்.

அத்தைதான் மாமாவை முதலில் அறைந்தது. விசேஷ வீட்டுக்காரர், "நல்ல நாளும் அதுவுமா ஊரக் கொல்லப் பாத்தியேலே, ஒன் வெளங்காத பாட்ட எடுத்துக்கிட்டு" என்று கேசட்டைப் பிடுங்கி, நாடாவை உருவிக் கருவேல முள்ளில் எறிந்தார். அதைக் காப்பாற்ற மாமா ஒரு கையைக்கூட நீட்டவில்லை. வருகிற ஒவ்வொருத்தியிடமும் போய், "எங்க அக்காவப் பாத்தீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னால போயிட்டான்னுல்ல நெனச்சோம்."

"காயப்போடுற மேடைப் பக்கம் மருந்துத் தட்டோட நின்னா. ஓடியாடின்னு கத்தினேன். பொறவு பாக்கலய்யா."

பெண்கள் வருவது நின்றது. அம்மா வரவில்லை. மாமா காட்டுப் பாதையில் ஓடப் பார்த்தார். நாலு பேர் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். "இன்னும் ஒரு ஆளு ஓடுறதுக்கு இது நேரமில்லப்பா" என்றார் வயதான ஒருவர், மிகவும் மெதுவாக.

எனக்கு அந்த மெதுவான பேச்சுத்தான் விளங்கவில்லை. வெடிக்கவில்லை, பாட்டுத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இனி என்ன பயம்? தெரிவதற்கு முன்னால் கத்திக்கொண்டிருந்தவர்கள், தெரிந்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள். ஒரு குழந்தை மண்ணில் காலை உதைத்து அழுதபோது, அதன் தாய் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அத்தையின் சேலையை இழுத்து, "வீட்டுக்குப் போலாம், பசிக்குது" என்றேன். ஓடுகிறவர்கள் கையில் இருப்பதைப் பைய இறக்கிவைத்துவிட்டு ஓடுவதில்லை, போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்பதும், வெடிமருந்து அடைத்த தட்டு நடுவெயிலில் நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தால் ஓர் உரசல் போதும் என்பதும், அப்போது எனக்குத் தெரியாது. நின்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிய பிறகு பாதையில் ஓர் ஆள் தெரிந்தது. அம்மா. ஓடவில்லை; தினமும் வருகிற நடைதான். செருப்புப் போட்டிருந்தாள். மற்றவர்களின் செருப்புகளையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தை கட்டிப்பிடிக்க ஓடியபோது, "தொடாதீக மதினி, மேலெல்லாம் மருந்து" என்று விலகிக்கொண்டாள்.

"எங்கட்டி போன இம்புட்டு நேரம்?" என்று அத்தை அழுதாள்.

"தட்டெல்லாம் போட்டது போட்டபடி கெடந்துச்சு. நானும் போர்மேனும் ஒண்ணொண்ணா நெழலுக்கு எடுத்து வச்சோம்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தட்டு எடுத்து வைத்ததற்கு இவர்கள் ஏன் குனிகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தபோது அழாத மாமா, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். முள்ளில் ஆடிய நாடாவைப் பார்த்துவிட்டு நான் அவர் தோளைத் தட்டி, "அழாதீங்க மாமா, மலேசியாவுல கேட்டா வேற கேசட் குடுப்பாங்க" என்று ஆறுதல் சொன்னேன்.

யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா முழுவதையும் குடித்தாள். பிறகு மாமாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி, கையைச் சேலையில் படாமல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது ஓர் அடி விழும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"ஏலே, ஒம் பாட்டக் கேட்டேன்" என்றாள். "கையில நெறஞ்ச தட்டு. அசையாமத்தான் நிக்கணும். முழுசும் கேட்டேன்."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில அந்தப் பய வாசல்ல நின்னு அவுக அம்மாவக் கூப்புட்டுக்கிட்டே இருக்கானே," என்றாள் அம்மா. "அவ வந்துட்டாளா தம்பி?"