ஆணி பொறுக்கும் காந்தம்

ஒரு வான்கல்லின் ஞாபகத்தை அழித்தவன் நான். பழியை நண்பர் சுமக்க விட்டு இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நண்பருக்குக் கம்பளை நகரில் ஹார்ட்வெயார் கடை. கூரைத் தகரத்தைத் துளைத்து விழுந்த கறுப்புக் கல்லொன்றை, பில்கள் பறக்காதிருக்க மேசையில் வைத்திருந்தார். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனிடம் அந்தக் கல்லைத் தனியாக விட்டுப் போனது அவர் பிழை. சிந்திய ஆணிகளைப் பொறுக்க அவர் கொக்கியில் மாட்டியிருந்த காந்தத்தை எடுத்துக் கல்லின் மேல் நன்றாகத் தேய்த்தேன். பிடித்துக்கொண்டது, உள்ளே இரும்பு. அவர் திரும்பியதும், கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தவன் போல, "இது வானத்துக் கல்லு" என்றேன். காந்தம் கொக்கியில் சமர்த்தாகத் தொங்கியது.

பல்கலைக்கழகத்துக்கும் நானே எழுதினேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஆய்வாளர் ஒருவர் வந்து கல்லில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனார். சில வாரங்களில் வாடிய முகத்தோடு திரும்பினார். இப்படிப்பட்ட கற்கள் உருவான காலத்தில் சுற்றியிருந்த காந்தப் புலத்தைத் தமக்குள் பதிந்து வைத்திருக்குமாம். அவை உடைந்து வந்த தாய்க்கோளின் நடுவில் உருகிய இரும்பு இருந்ததா என்றுகூட அதிலிருந்து சொல்லலாமாம். இந்தக் கல்லிலோ ஒரு கைக்காந்தத்தின் பதிவு மட்டுமே மிஞ்சியிருந்தது.

"காந்தம் ஏதும் வச்சுப் பாத்தனீங்களோ?" என்று நண்பரைக் கேட்டார்.

நண்பர் இல்லையென்று சத்தியம் செய்தார். அந்தப் பெண்ணின் பார்வை கொக்கிக்குப் போனது. இரும்பில் காந்தத்தைத் தேய்த்தால் அதுவும் காந்தமாகும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய நான், நண்பர் தந்த பிளேன்டீயை மிகுந்த கவனத்தோடு குடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லைப் பற்றி நண்பர் பிறகு பேசவேயில்லை. "படிச்ச புள்ள என்னப் பொய்யன்னு நெனச்சிட்டுப் போகுது மாஸ்டர்" என்பதை மட்டும் நான் போகும்போதெல்லாம் சொன்னார். இரண்டு மாதத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணைக் கடைக்கு வரவழைத்து, இருவர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவர் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கிளம்பினார். அது போதுமானதாக இருந்தது.

நண்பர் நிதானமாகச் சொன்னார்: "கல்லு போனாப் போகுது. ரெண்டு மாசமா என்ட பிளேன்டீயக் குடிச்சிட்டு சும்மா இருந்தீங்களே மாஸ்டர்."

இப்போதும் லுஹருக்குப் போகும்போது கடையை என்னிடம்தான் விட்டுப் போகிறார். காந்தத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்.