காரணம் எழுதும் கட்டம்

நெரவிப் பக்கத்தில் உள்ள எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு மரத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அந்தப் பக்கம் தாமரைச்செல்வி டீச்சர் குடிமையியல் நடத்துவார். அவர் குரலுக்கு முன்னால் என் பின்னங்கள் எதுவும் எடுபடாது. "அரசாங்கம்னா யாரு?" என்று அவர் கேட்டால் என் பிள்ளைகளும் சேர்ந்து "நாமதான் டீச்சர்!" என்று கத்தும்.

பதினாறு வருஷமாக எந்தப் பாடத்தையும் அவர் புத்தகத்தோடு விட்டதில்லை. தெருக்குழாய் ஒழுகினால் கொம்யூன் பஞ்சாயத்துக்குப் பிள்ளைகளை விட்டே மனு எழுத வைப்பார்; பதில் வரும்வரை ஓயமாட்டார். கொஞ்சம் முன்கோபி. கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும். ஆனால் போவதற்குள் யாராவது அழுதிருப்பார்கள்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு பெரிய சார்ட் போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேருக்கு ஓட்டு, எத்தனை பேர் விரலில் மை, போடாதவர் பெயர், அதற்குக் காரணம். வாக்குப்பதிவு முடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகள் விவரத்தோடு வந்தார்கள். சிவப்ரியா மட்டும் மெதுவாக எழுந்து, "எங்கப்பா போடலை டீச்சர். அறுப்பு மெஷின் ஓட்ட ஆரணிப் பக்கம் போயிருக்காங்க" என்றாள்.

டீச்சருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஒரு நாள் வந்துட்டுப் போகக் கூடாதா? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதானே!" அவள் அப்பா நீலமேகத்தின் பெயருக்கு நேரே, காரணக் கட்டத்தில், சிவப்புப் பேனாவால் 'அலட்சியம்' என்று எழுதினார். அதன் பிறகு சிவப்ரியா நிமிரவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும்.

தேர்தல் வேலைக்குப் போகும் எங்களுக்குத் தபால் ஓட்டு. பயிற்சி நடந்த இடத்திலேயே போட ஏற்பாடு செய்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால்தான் டீச்சர் நின்றார். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "பஸ்ஸு போயிடும் சார், நாளைக்குப் போட்டுக்கறேன்" என்று கிளம்பினார். மறுநாள் வீட்டில் விருந்தாளிகள். அதற்கு மறுநாள் மறதி. கடைசி நாளும் போன பிறகு என்னிடம் சொல்லி, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்.

சார்ட் மாட்டிய இரண்டாம் நாள் அதே வகுப்பு ஓவியா கேட்டாள்: "டீச்சர், இதுல உங்க பேரே இல்லையே? உங்க விரல்லயும் மை இல்லை."

வகுப்பு சிரித்தது. தபால் ஓட்டுக்கு மை வைப்பதில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். அது உண்மையும்கூட. நான் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றேன். சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தேர்தல் வேலைக்குப் போறவங்களுக்குத் தபால் ஓட்டு. அதுக்கு மை வைக்கமாட்டாங்க" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஆனா நான் அதையும் போடலை. வரிசை நீளமா இருந்துச்சு. பஸ்ஸு போயிடும்னு வந்துட்டேன். அப்புறம் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீலமேகத்துக்கு நேரே இருந்த சொல்லை அடித்துவிட்டு, 'பிழைப்புக்காக வெளியூர்' என்று எழுதினார். சார்ட்டின் அடியில் தன் பெயரை எழுதி, அதே சிவப்புப் பேனாவால் 'அலட்சியம்' என்று போட்டார். "சிவப்ரியா, டீச்சர் மன்னிப்பு கேட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

சிவப்ரியா நிமிர்ந்தாள். "உங்களுக்கும் பஸ்ஸு போயிடும்ல டீச்சர்? உங்களுதையும் அடிச்சிடலாமே."

"வேணாம். அடுத்த பஸ்ஸு இருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கரும்பலகையில் மூன்று கணக்கைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

போன மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தச் சார்ட்டின் முன்னால் நின்றார். "யாரு இந்தத் தாமரைச்செல்வி? ஓட்டுகூடப் போடாம?" என்று கேட்டார்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஏழாம் வகுப்பு மொத்தமும் எழுந்துவிட்டது. முதலில் கேட்டது சிவப்ரியாவின் குரல்.

"எங்க டீச்சர் சார்! அவங்களே எழுதுனாங்க!"