பால்சுறா கிடைக்காமல் ஸ்டர்ஜன் பிடிக்கப் போன சனிக்கிழமை

ஜூன் கடைசிச் சனிக்கிழமை, கெபெக் மாகாணத்தில் ஓடும் சென் லோரன்ஸ் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனேன். பொழுதுபோக்குக்கு அல்ல. என் மகள் மாதம் நிறையும் முன்பே பிறந்து மருத்துவமனையில் இன்குபேட்டருக்குள் கிடந்தாள். மனைவி வசந்திக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று மணிக்கொரு தடவை மெஷினை மார்பில் வைத்து இழுப்பாள். போத்தலின் அடி நனைந்தால் அதுவே பெரிய காரியம். பவுடர்ப்பால் பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. வேறு தாய்மார் கொடுத்த பால் இருக்கிறது, கொடுக்கட்டுமா என்று தாதி கேட்டபோதெல்லாம் வசந்தி மறுத்துவிட்டாள். "எனக்கு வரும்" என்பதே அவளுடைய பதில்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுப்பார்கள். சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூ, மிளகு, உள்ளி சேர்த்து வறுப்பது. தின்றால் பால் ஊறும் என்பதில் யாழ்ப்பாணத்தாருக்குச் சந்தேகமே கிடையாது. தமிழ்க்கடையில் வாங்கிய ஐஸ் சுறா உருகியதும் நாறியது. வசந்தி ஒரு வாய் வைத்துச் சத்தி எடுத்தாள். துறைமுகக் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் செல்வம் அண்ணையிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் திருகோணமலைக்காரர்; சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறார்.

"தம்பி, இந்த ஆத்திலை ஸ்டர்ஜன் எண்டு ஒண்டு கிடக்கு. மூக்கும் வாலும் அசல் சுறா. உள்ளுக்கை முள்ளும் இல்லை, குருத்தெலும்புதான். அதிலை வறை போட்டா என்ன?"

எனக்கும் அது மிகச் சரியாகவே பட்டது. வசந்தியிடம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். "பிடிச்சுக்கொண்டு வாங்கோ. எப்பிடி இருந்தாலும் நான் சாப்பிடுறன்" என்றாள்.

காலை ஐந்து மணிக்கு, படகைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் லாசாலில் இருந்து கிளம்பினோம். துறைமுகத்தைக் கடந்து, எங்கள் நகரம் இருக்கும் தீவின் கிழக்கு முனை வரை முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிட ஓட்டம். படகு இறக்க இருபது டொலர். வழியில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் மண்புழு ஒரு டப்பா ஏழு டொலர். புழு தரையில் கிடக்க வேண்டும் என்பதால் தூண்டிலில் கனமான ஈயம் கட்ட வேண்டும். இந்த மீன் ஆற்றின் அடியை மோந்து மோந்துதான் தின்னும்.

பத்து மணி வரை ஒன்றும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு தூண்டில் நுனி மெல்ல ஆடியது. இழுத்தேன், அடியில் மரக்கட்டை மாட்டியது போல் இருந்தது, அப்புறம் அந்தக் கட்டை ஓடத் தொடங்கியது. இருபது நிமிடம் கை விட்டுப் போகும் அளவுக்குப் போராடி வலையில் ஏற்றினோம். முதுகில் எலும்புத் தகடுகள், நீண்ட மூக்கு, சுறா வால். அளந்து பார்த்தோம், வைத்திருக்க அனுமதித்த நீளத்துக்குள் இருந்தது. முருகா என்று வாய்விட்டே கத்தினேன். அன்றுதான் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

கரையில் படகு கழுவிக்கொண்டிருந்த கெபெக்காரர் ஒருவர் வந்து கை குலுக்கினார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், மனைவிக்குப் பால் ஊறுவதற்காகப் பிடித்தது என்று பெருமையடித்தேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஆற்றுப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுக்கும் பெண்ணுக்குக் கொடுக்காதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சாப்பாடு பற்றி இவருக்கு என்ன தெரியும்? அவருக்குக் காட்டுவதற்காகவே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். தாதியும் அதையேதான் சொன்னார். சுறாவும் கூடாதாம்.

செல்வம் அண்ணை தலையில் கை வைத்தபடி படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாமல் போச்சு தம்பி" என்றார். மீனை அவரிடமே விட்டுவிட்டு, பிள்ளையோடு இருந்த வசந்தியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன்.

"பிடிச்சனீங்களோ?"

"ஓம். ஆனா உமக்குக் குடுக்கக் கூடாதாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள்.

"மற்றவையின்ரை பாலைக் குடுக்கச் சொல்லுங்கோ. எனக்கு இனி ஏலாது."

மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். லைசென்ஸ் எடுங்கள், நீள அளவும் பருவமும் மாறும், அந்த வருட விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாமன் மீன் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பகுதியில் அதை நம்பி இறங்க வேண்டாம், கடையில் வாங்குங்கள். தூண்டிலை எறியும் முன், அந்த மீனை யார் சாப்பிடப் போகிறார், சாப்பிடலாமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் மீனைக் கொன்ற பிறகுதான் கேட்டேன்.

பிள்ளைக்கு இப்போது யாரோ ஒருத்தியின் பால் போகிறது. ஒத்துக்கொள்கிறது, எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தினமும் மாலையில் நான் தனியாகத்தான் போய்ப் பார்க்கிறேன். வீட்டுக்குத் திரும்பி வந்து இன்றைக்கு இவ்வளவு குடித்தாள் என்று சொல்கிறேன். வசந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.